வீட்டோடு வந்து சேர்ந்த நீர்நாய்

நீர்நாய்ப் பீ பொறுக்குகிறவள் என்றுதான் என் கணவர் வீட்டில் என்னைப் பற்றிப் பேச்சு. தப்பில்லை, பொறுக்கத்தான் செய்தேன். விடிந்ததும் விடியாததுமாகக் காலாங் ஆற்றங்கரைக்குப் போவேன். நீர்நாய்க் குடும்பம் கரையேறிக் கழித்துவிட்டுப் போன இடத்தில் குனிந்து, காய்வதற்கு முன்னால் சின்னக் குப்பியில் எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைப்பேன். நம் ஊர் வெயிலில் கொஞ்சம் அசந்தாலும் உள்ளே இருக்கும் டிஎன்ஏ கெட்டுப்போய்விடும். அப்புறம் எது யாருக்கு அப்பன், எது யாருக்குத் தங்கை என்று கண்டுபிடிக்கவே முடியாது. காலையில் ஓட வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள். போங்களேன், எனக்கென்ன என்று நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன்.

பாலிடெக்னிக்கில் உயிரியல் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. நாற்பதைத் தாண்டிய பிறகு பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சமைத்துப்போடுவது முதல் பள்ளியில் ஆசிரியரைப் பார்க்கப் போவது வரை சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார். வருடங்கள் ஓடின. பல்கலைக்கழகமும் கெடுவை நீட்டிக்கொண்டே வந்து, கடைசியில் இனி நீட்ட முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டது. அந்தப் பருவத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்து வாய்மொழித் தேர்விலும் தேற வேண்டும். இல்லாவிட்டால் ஆற்றங்கரையில் குனிந்து நிமிர்ந்த அத்தனை வருடமும் வீண். அவர் சமைத்த சமையலும் வீண்.

என் ஆய்வு என்ன என்று சொல்லிவிடுகிறேன், பெரிய ரகசியமெல்லாம் இல்லை. நீர்நாய்க் குடும்பத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு ஜோடிதான் குட்டி போடும். முந்தைய ஈற்றுக் குட்டிகள் வளர்ந்து ஆளான பிறகும் போகாமல் கூடவே இருக்கும். புதுக் குட்டிகளுக்கு மீன் பிடித்துக் கொடுக்கும். கழுத்தைக் கவ்வித் தண்ணீருக்குள் இழுத்து நீந்தப் பழக்கும். வேறு குடும்பம் சண்டைக்கு வந்தால் முன்னால் போய் நிற்கும். தனக்கென்று ஒரு ஜோடியைத் தேடிக்கொண்டு போகாமல் எதற்கு இந்த உழைப்பு?

இந்தக் கேள்வியில் உயிரியல்காரர்கள் இரண்டு கட்சி. முதல் கட்சிக்கு எல்லாமே ரத்தம். தம்பி தங்கை உடம்பில் இருப்பதும் என் உடம்பில் இருக்கும் அதே சரக்குதான், அவர்கள் பிழைத்தால் அதுவும் பிழைக்கிறது, அதனால்தான் உதவுகிற குணம் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது என்பார்கள். எதிர்க்கட்சி அதை ஒப்புக்கொள்ளாது. கூட்டம்தான் முக்கியம், ரத்தம் தற்செயல் என்று சொல்லும். பெரிய கூட்டம் சின்னக் கூட்டத்தை ஆற்றைவிட்டே விரட்டிவிடும். ஒட்டிக்கொண்டு உழைத்தவன் பிழைத்தான், தனியாகப் போனவன் செத்தான், அவ்வளவுதான் என்பார்கள். இவர்கள் கருத்தரங்கில் மோதிக்கொள்வதைப் பார்த்தால், கல்யாணப் பந்திக்கு என்ன போடுவது என்று சம்பந்திகள் பேசுவது போலிருக்கும். நான் ரத்தக் கட்சி. அதுவும் சாதாரணக் கட்சிக்காரி இல்லை, கொடி பிடிக்கிற ஆள்.

அந்தக் கடைசிப் பருவத்தில்தான் தேக்கா பக்கம் ஒரு மன்றத்தில் தமிழ் விழாவுக்குப் பட்டிமன்றம் ஏற்பாடு செய்தார்கள். வருடா வருடம் மாமியாரா மருமகளா, காசா பாசமா என்றே பேசிச் சலித்துவிட்டது, புதிதாக ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விலங்குகள் கூடி வாழ்வது ரத்த பந்தத்தாலா, கூட்டத்தின் தேவையாலா என்று தலைப்பை நானே எழுதிக் கொடுத்தேன். ரத்தக் கட்சிக்குத் தலைமை தாங்கி எல்லாரையும் ஒரு கை பார்ப்பது என்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கவும் தொடங்கிவிட்டேன்.

நடுவர் தேக்காவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவருடைய பாட்டனார் காலத்திலேயே நாகூர்ப் பக்கமிருந்து வந்து ஊன்றிய குடும்பம். என்னைவிட வயதில் இளையவர். சிரித்துக்கொண்டே ஆளைச் சாய்க்கிற பேச்சு அவருக்கு. கடையின் மாடியில் பாலில்லாத தே ஓ வரவழைத்துக் கொடுத்துவிட்டு யார் எந்த அணி என்று வாசித்தார். என்னைக் கூட்டத்தின் அணியில் போட்டிருந்தார். ரத்தத்தின் அணிக்குத் தலைவி என் நாத்தனார்.

என் கணவரின் தங்கை அவள். தஞ்சோங் பகாரில் ஒரு சட்ட நிறுவனத்தில் வழக்கறிஞர். வாய்தான் அவளுக்குச் சொத்து. எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் பத்து விரலும் நாறப் பாடுபட்டுத் தேர்ந்த கட்சியை, நீர்நாயை யூடியூபில் மட்டுமே பார்த்தவளிடம் கொடுப்பதா? நடுவரிடம் அதைச் சொல்லியே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சதையே பேசினா அது லெக்சர், அக்கா. அத நீங்க டெய்லி பாலிடெக்னிக்ல செய்றீங்கதானே. இது பட்டிமன்றம். குடுத்த பக்கத்துக்குப் பேசணும் லா."

பட்டிமன்றத்தில் அது எழுதாத சட்டம். எந்தப் பக்கம் கொடுத்தாலும் அந்த மேடையில் இருக்கிற வரைக்கும் அதுதான் என் மதம் என்பது போலப் பேச வேண்டும். சிறு வயதிலிருந்து மேடையேறியவள் நான், மறுக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

விழா அன்று மன்றம் நிரம்பி வழிந்தது. நான் எழுந்து என் ஆற்றில் வாழும் ஒருவனைப் பற்றிச் சொன்னேன். மூக்கில் குறுக்குத் தழும்பு விழுந்த ஆண் நீர்நாய். வேறு ஏதோ குடும்பத்திலிருந்து பிரிந்து, வளர்ந்த ஆளாக வந்து இந்தக் குடும்பத்தில் சேர்ந்துகொண்டவன். டிஎன்ஏ பார்த்துவிட்டேன், இங்கே யாரோடும் அவனுக்குச் சொந்தம் இல்லை. ஆனாலும் குட்டிகளுக்கு மீன் கொடுக்கிறான். ரத்தம்தான் காரணம் என்றால் இவன் எதற்குக் கொடுக்கிறான் என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைத்தட்டல் வேண்டுமே, அதனால் எதிர் மேசையைக் காட்டி, நானும் இந்த நாத்தனார் வீட்டுக்கு ரத்தமில்லாமல் வந்து சேர்ந்தவள்தான், நான் உழைக்கவில்லையா என்று ஒரு போடு போட்டேன். கூட்டம் விசிலடித்தது. ஜெயித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாத்தனார் மெதுவாக எழுந்து ஜாக்கெட்டைச் சரி செய்துகொண்டாள். "எங்க அண்ணி உழைக்கிறாங்க, இல்லேங்கல. ஆனா யாருக்கு? எங்க அண்ணன் புள்ளைங்களுக்கு. அந்தப் புள்ளைங்க யார் ரத்தம்? அவங்களோடதும்தானே. அந்த நீர்நாய் மட்டும் சும்மாவா மீன் குடுப்பான்? அவன் வீட்டோட மாப்பிள்ளையாத்தான் வந்திருக்கான். நாளைக்குப் பொறக்கப்போறது அவன் புள்ள. இதுல கூட்டம் எங்கேருந்து வந்துச்சு?"

மன்றம் அதிர்ந்தது. மறுமொழி நேரத்தில் என்னவோ உளறினேன், என்ன உளறினேன் என்றுகூட இப்போது நினைவில்லை. நடுவர்கள் வழக்கமாக இரண்டும் இரண்டு கண்கள் என்று மழுப்பி முடிப்பார்கள். இந்த மனிதர் அதைக்கூடச் செய்யவில்லை. ரத்தமே என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டார். நான் ஆயுள் முழுக்க நம்பிய கட்சி ஜெயித்துவிட்டது, நான் மண்ணைக் கவ்விவிட்டேன்.

மேடையிலிருந்து இறங்கும்போது நடுவர் என் பக்கம் வந்து, நீங்கள் பாதி மனசோடு பேசினீர்கள், அது கூட்டத்துக்கே தெரிந்துபோயிற்று என்று சொன்னார். அடப்பாவி மனுஷா என்று எனக்குள் கொதித்தது. ரயிலில் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கு விழுந்த கைத்தட்டலைப் பற்றியே வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுரங்கத்துக்குள் ஜன்னலில் என் முகம்தான் தெரிந்தது, அதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஆற்றங்கரையில் தழும்பு மூக்கன் ஒரு பெரிய மீனோடு கரையேறினான். குட்டிகள் கீச்சுக்கீச்சென்று பாய்ந்தன. அவன் மீனைப் போட்டுவிட்டு விலகி மணலில் புரண்டான். நான் அப்படியே நின்றேன். வீட்டோடு மாப்பிள்ளையா நீ? இதை ஏன் நான் இத்தனை நாளும் கேட்கவில்லை? என் ஆய்வேட்டில் அவனுக்கு நான் கொடுத்திருந்த இடம் பக்கத்துக்கு அடியில் ஒரே ஒரு அடிக்குறிப்பு. சொந்தமில்லாத ஓர் ஆண், கணக்கில் சேர்க்கப்படவில்லை, அவ்வளவுதான். என் கணக்குக்கு அவன் இடைஞ்சல், அதனால் ஓரமாக உட்கார வைத்திருந்தேன்.

நாத்தனார் கிண்டலாகச் சொன்னதைச் சோதித்துப் பார்க்க முடியும், அதற்கு வேண்டிய எல்லாம் என்னிடமே இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அவன் வந்த பிறகு பிறந்த குட்டிகளின் மாதிரிகள் ஆய்வகக் குளிர்பெட்டியில் இருந்தன. அவன் மீன் கொடுக்கும் காட்சிகள் என் கணினியில் குவிந்து கிடந்தன. என் நெறியாளர் கேட்டதும் தலையில் கை வைத்துவிட்டார். நல்ல மனுஷி, எனக்காகத்தான் பயந்தார். கெடு கழுத்தை நெரிக்கும் நேரத்தில் புதிதாக ஓர் அத்தியாயமா, இருப்பதைக் கொடுத்தால் தேறிவிடுவாய், இதில் இறங்கிக் கெடு தவறினால் எல்லாம் போய்விடும் என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். வீட்டில் வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். மனசு சொல்றபடி செய், சமையல நான் பாத்துக்கிறேன் என்றார். இறங்கிவிட்டேன்.

நாத்தனார் சொன்னது பொய் என்று முதலில் தெரிந்தது. புதுக் குட்டிகளில் ஒன்றுகூட அவனுடையதில்லை. அவன் வந்த பிறகு பிறந்த ஒவ்வொரு ஈற்றையும் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் அந்தக் குடும்பத்தின் பழைய ஜோடியிலிருந்த ஆண்தான் அப்பன். சரி, இனிமேல் ஆகலாம் என்ற ஆசையில் பெண்களைக் கவர மீன் கொடுக்கிறானோ என்று காட்சிகளைப் போட்டுப் பார்த்தேன். தாயோ வளர்ந்த மகள்களோ பார்க்கிற நேரம், யாருமே பார்க்காத நேரம் என்று பிரித்தேன். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரே மாதிரிதான் கொடுத்தான்.

அப்புறம்தான் சண்டைகளைப் பார்த்தேன். அவன் வருவதற்கு முன்னால், கீழாற்றிலிருந்து பெரிய குடும்பம் ஏறி வரும்போதெல்லாம் இவர்கள் வளையை விட்டு ஓடியிருக்கிறார்கள். ஒரு தடவை ஓடும்போது பின்தங்கிய குட்டியைக் கீழாற்றுக்காரர்கள் கடித்தே கொன்றுவிட்டார்கள். அதைப் படம் பிடித்தவள் நான்தான், அன்றைக்குப் பாடம் நடத்தவே முடியவில்லை. அவன் சேர்ந்த பிறகு இவர்கள் ஓடவில்லை. வரிசையாக நின்று கத்தினார்கள், முன்வரிசையில் தழும்பு மூக்கன் நின்றான். அவனுக்கு இந்தக் குடும்பம் பெருக வேண்டும். இன்றைய குட்டி நாளை அவனோடு வரிசையில் நிற்கப்போகும் ஆள். கூட்டக் கட்சிக்காரர்கள் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்ததை, என் ஆற்றில், என் கேமராவில், நானே பார்த்தேன்.

அதற்காக என் கட்சியும் செத்துவிடவில்லை. அக்காள் அண்ணன்மார் குட்டிகளுக்குக் கொடுத்த மீன் அவன் கொடுத்ததைவிட எப்போதும் கூடுதல்தான். வீட்டுக்குள் யார் எவ்வளவு உழைப்பது என்பதை ரத்தம் சொல்கிறது. வெளியாளை ஏன் உள்ளே விட்டார்கள், அவன் ஏன் உழைக்கிறான் என்பதைக் கூட்டம் சொல்கிறது. புது அத்தியாயத்தை எதிர்க்கட்சிக்காகவே எழுதினேன். இந்த முறை பாதி மனசு இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் எழுதி முடித்ததும், இதற்கு என்ன சொல்கிறீர் ஐயா என்று மனசுக்குள் அந்த ஜவுளிக்கடைக்காரரை ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போவேன். என் சொந்தக் கட்சியை நானே போட்டுத் துவைத்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கெடு முடியும் நாளில் ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

வெளித்தேர்வாளர் யார் என்று தெரிந்ததும் நெறியாளர் முகம் வெளுத்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர். ரத்தக் கட்சியை மேடைதோறும் கிழித்துத் தோரணம் கட்டுகிற கூட்டக் கட்சியின் பெரிய தலை. வாய்மொழித் தேர்வு ஆங்கிலத்தில்தான் நடந்தது, நான் எனக்குத் தோன்றிய தமிழில் சொல்கிறேன்.

என் ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டு அவர் முதலில் கேட்டது இதுதான்: "உங்கள் வாதத்துக்கு எதிராக இருப்பதிலேயே வலுவான வாதம் எது? அதை நம்புகிறவரைப் போலச் சொல்லுங்கள்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். வாய்மொழித் தேர்வில் யாரும் எழுந்து நிற்பதில்லை. நெறியாளர் பதறிப்போய் என் நாற்காலியைப் பார்த்தார். பட்டிமன்றத்துக் கால்கள், அவை பாட்டுக்கு நிமிர்ந்துவிட்டன. எழுந்தது எழுந்ததுதான் என்று பேசத் தொடங்கினேன். தழும்பு மூக்கன் வந்த நாளிலிருந்து தொடங்கி, மாப்பிள்ளை ஆசை இல்லை என்று காட்டி, செத்த குட்டியைச் சொல்லி, வரிசையில் நின்ற நீர்நாய்களில் கொண்டுவந்து முடித்தேன். அவருடைய கட்சியை அவருக்கே பேசிக் காட்டினேன்.

அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அப்படியானால் ரத்தத்தை விட்டுவிட்டு என் பக்கம் வந்துவிட வேண்டியதுதானே என்றார். அக்காள் அண்ணன்மார் கூடுதலாகக் கொடுப்பதை எடுத்து வைத்தேன். அது ரத்தமில்லை, பழக்கம், அவர்கள் அந்த வீட்டில் அதிக காலம் இருந்தவர்கள் என்று மடக்கினார். என் மனசு ஒரு குதி குதித்தது. இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், அவர் பக்கம் நின்று யோசித்தவள் அல்லவா நான். பழக்கம்தான் காரணம் என்றால் தழும்பு மூக்கன் கொடுக்கும் மீன் நாளாக ஆகக் கூடியிருக்க வேண்டும், அவன் வந்த புதிதில் கொடுத்த அளவையேதான் பழையவனான பிறகும் கொடுத்தான், இந்த வரைபடத்தைப் பாருங்கள் என்றேன்.

அவர் பக்கத்தைப் புரட்டி அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். ஒரே ஒரு நீர்நாயை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்டார். ஒன்றுதான், அதனால்தான் இதை முடிவு என்று நான் எங்கேயும் எழுதவில்லை, இனி இப்படி வந்து சேர்கிற ஒவ்வொன்றையும் அடிக்குறிப்பில் ஒதுக்காமல் எப்படி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"என் பக்கத்தை என் மாணவர்கள்கூட இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை," என்றார். "அதைச் சொல்லிவிட்டு அதன் எல்லை எங்கே முடிகிறது என்றும் காட்டிவிட்டீர்கள். இந்த அத்தியாயத்தை என் மாணவர்களைப் படிக்கச் சொல்லப்போகிறேன்."

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். உட்கார முடியவில்லை. தாழ்வாரத்தில் அங்குமிங்கும் நடந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்த என் நெறியாளர் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். திருத்தம் எதுவும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்று காதோரம் சொன்னார். நான் அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன். இந்தத் தடவை நான் ஜெயித்துவிட்டேன்.

கணவரைக் கூப்பிட்டேன். சரக்குக் கிடங்கில் இருந்தார், பின்னால் சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் கத்திக்கொண்டிருந்தது. தேறிட்டேங்க, டாக்டராயிட்டேன் என்றேன். சத்தமா இருக்கு, சரியா கேக்கல, இன்னொரு தடவ சொல்லு என்றார். குரலை உயர்த்திச் சொன்னேன். ஊஹூம், இன்னும் சத்தமா என்றார். தாழ்வாரத்தில் போன மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுக் கத்தினேன். மறுமுனையில் போர்க்லிஃப்ட் எப்போதோ நின்றுபோயிருந்தது. ஆட்கள் கைதட்டும் சத்தம் கேட்டது, யாரோ மலாயில் வாழ்த்துக் கூவினார்கள். முதல் தடவையே அவருக்குக் கேட்டிருக்கிறது. போனை ஸ்பீக்கரில் போட்டு ஷிப்ட் முழுவதையும் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"இன்னும் ஒரே ஒரு தடவ சொல்லும்மா," என்றார்.

சொன்னேன்.